அணு யுகத்தின் கதை – 14: முதுகில் பட்ட வெயில்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள மான்டிபெல்லோ தீவுகளின் நடுவே, 'பிளிம்' என்னும் போர்க்கப்பலின் வயிற்றுக்குள் வைத்து வெடிக்கப்பட்ட குண்டின் புண்ணியத்தால், அணு ஆயுத வல்லரசுகளின் பந்தியில் பிரிட்டன் மூன்றாவது இலை போட்டு உட்கார்ந்துகொண்ட வரலாற்றைச் சென்ற இதழில் பார்த்தோம். உட்கார்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் அந்த விருந்து பழையதாகிவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்கா பசிபிக் சமுத்திரத்தில் ஒரு தீவையே அடையாளமில்லாமல் கரைத்து ஹைட்ரஜன் குண்டின் சக்தியை நிரூபித்தது. மறு வருஷம் ரஷ்யாவும் அந்த வழியில் அடியெடுத்து வைத்தது. சாம்ராஜ்யம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்த அந்த நாட்களில், குண்டும் கையில் இல்லையென்றால் உலக சபையில் தன் வார்த்தைக்கு மதிப்பிராது என்று லண்டன் மந்திரிசபை அஞ்சியதில் வியப்பில்லை. 1958-இன் இறுதிக்குள் சோதனைகளுக்குச் சர்வதேசத் தடை வந்துவிடும் என்ற பேச்சும் பலமாக இருந்தபடியால், அதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டுமென்ற பரபரப்பு ஆட்சியாளர்களைப் பிடித்துக்கொண்டது.

ஹைட்ரஜன் குண்டை ஆஸ்திரேலிய மண்ணில் வெடிக்க அந்நாட்டு சர்க்கார் சம்மதிக்கவில்லை. தேசப்படத்தைப் புரட்டியவர்களின் விரல், பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, நடுப் பசிபிக்கில் கிடந்த ஒரு பவழத் தீவின்மேல் போய் நின்றது. 1777-ஆம் வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கேப்டன் குக் அங்கே வந்து சேர்ந்தபடியால் அதற்குக் கிறிஸ்துமஸ் தீவு என்று பெயர். இன்று அது கிரிபாட்டி குடியரசைச் சேர்ந்தது. அந்நாட்டார் பாஷையில் 'தி' என்ற எழுத்து 'ஸ்' என்று ஒலிக்குமாதலால், அவர்கள் கிரிதிமதி என்று எழுதிக் கிரிஸ்மஸ் என்றே உச்சரிக்கிறார்கள். தென்னந்தோப்பு வைக்க வந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் சூட்டிய பாரிஸ் என்ற பெயரும், அதற்கு எதிர்க்கரையில் லண்டன் என்ற பெயரும், இன்னோர் இடத்துக்கு வாழைப்பழம் என்ற பெயரும் உடைய அந்த விசித்திரமான தீவுக்கு 1956-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 'கிராப்பிள்' என்பது அந்த நடவடிக்கையின் சங்கேதப் பெயர்.

குண்டைச் செய்த வில்லியம் பென்னியையும், படையை நடத்திய ஏர் வைஸ் மார்ஷல் ஔல்டனையும், முதல் குண்டை வேலியன்ட் விமானத்திலிருந்து போட்ட கென்னத் ஹப்பர்டையும் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியதன்று. 1952 முதல் ஆஸ்திரேலியாவிலும் பசிபிக்கிலும் நடந்த பிரிட்டிஷ் சோதனைகளுக்குச் சென்று வந்த ஏறக்குறைய 22,000 பிரிட்டிஷ்காரர்களில் பெரும்பாலோர் பெயரில்லாதவர்கள்: ரோடு போட்டவர்கள், கூடாரம் அடித்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், சமையல் செய்தவர்கள். கட்டாய ராணுவ சேவை அமலில் இருந்த காலமாதலால், அவர்களில் அநேகர் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். கப்பலேறும்போது பலருக்குப் போகுமிடம் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ, தென்னை மரமும் நீலக் கடலுமாய்ச் சினிமாவில் பார்த்த சுவர்க்கபூமிதான் மனக்கண்ணில் நின்றது.

தென்னை மரமும் நீலக் கடலும் இருந்தன. ஆனால், இரவில் கூடாரத்துக்குள் நுழைந்து காலணிக்குள் குடியேறும் நண்டுகளும், சோற்றை மூடிக் கறுப்பாக்கும் ஈக்களும், கண்ணைக் கரிக்கும் பவழத் தூசியும் கூடவே இருந்தன. ஈயை ஒழிப்பதற்காகச் சிறு விமானம் ஒன்று டி.டி.டி. மருந்தைக் கூடாரங்களின் மேலும் மனிதர்களின் மேலும் பாகுபாடில்லாமல் தெளித்துக்கொண்டு போகும். குடிதண்ணீர் கடல் நீரைக் காய்ச்சி வடித்தது. பொழுது போகாதவர்கள் மீன் பிடித்துத் தின்றார்கள். இந்தத் தண்ணீரும் மீனும் பல வருஷம் கழித்து வழக்கு மன்றத்தில் ஏறப் போகின்றனவென்று அப்போது யார் கண்டார்கள்?

1957 மே 15 முதல் ஜூன் 19 வரை மூன்று குண்டுகள், தெற்கே பல நூறு மைல் தள்ளியுள்ள ஆளில்லாத மால்டன் தீவுக்கருகில் வெடிக்கப்பட்டன. அவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது; மால்டன் வரை போக நேரமுமில்லை, பணமுமில்லை. ஆகவே, அடுத்த குண்டுகளை, ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் குடியிருந்த கிறிஸ்துமஸ் தீவின் தென்கிழக்கு முனைக்கு அப்பாலேயே வெடிப்பதென்று முடிவாயிற்று. சிக்கனம் என்ற ஒரு காரணம் எத்தனை பேருடைய தலையெழுத்தில் கை வைத்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1957 நவம்பர் 8-ஆம் தேதி வெடித்தது 1.8 மெகாடன்; எதிர்பார்த்ததைவிட மிகவும் அதிகம். 1958 ஏப்ரல் 28-ஆம் தேதி வெடித்தது சுமார் 3 மெகாடன். பிரிட்டன் வெடித்த குண்டுகளிலெல்லாம் பெரியது அதுதான். ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு.

அந்தக் காலைப் பொழுதைப் பற்றி அங்கிருந்தவர்கள், வெவ்வேறு ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், பிற்காலத்தில் சொல்லியிருப்பவற்றில் ஓர் அபூர்வமான ஒற்றுமை காணப்படுகிறது. கடற்கரையிலோ தென்னந்தோப்பிலோ வரிசையாக உட்காரச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் வெள்ளை உடுப்பு. மற்றவர்கள் அன்றாடம் உடுத்தும் அரைக்கால் சட்டையோடும், மெல்லிய மேல்சட்டையோடும் இருந்தார்கள். குண்டு விழப்போகும் திசைக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடி, மூடிய கண்ணின்மேல் உள்ளங்கைகளையோ கை முட்டியையோ அழுத்திக்கொள்ள வேண்டுமென்பது உத்தரவு. சந்நிதிக்கு முதுகைக் காட்டக் கூடாதென்று குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கிற நமக்கு, இந்த வழிபாட்டு முறை தலைகீழாகத்தான் தோன்றும். ஒலிபெருக்கியில் விமானத்தின் குரல் கேட்டது. குண்டு கை நழுவிவிட்டது என்றது குரல். அது பல மைல் உயரத்திலிருந்து இறங்கி வெடிக்க ஏறத்தாழ 50 விநாடி. அந்த ஐம்பது விநாடியையும் குரல் தலைகீழாக எண்ணிக்கொண்டு வந்தது.

பூஜ்யம் என்ற சொல்லோடு வந்தது வெளிச்சம், சத்தமில்லாத வெளிச்சம். மூடிய இமைக்கும் அதன்மேல் அழுத்திய கைக்கும் ஊடாக அது உள்ளே வந்தது. தங்கள் விரல்களின் எலும்புகளை, எக்ஸ்ரே படத்தில் காண்பது போல, சதை ரோஜா நிறமாகவும் எலும்பு கறுப்பாகவும் மூடிய கண்ணாலேயே கண்டதாக ஒருவரல்ல, இருவரல்ல, நூற்றுக்கணக்கானவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அடுத்தபடியாக முதுகில் வெயில் விழுந்தது. மெதுவாகத் தொடங்கி, நேரம் செல்லச் செல்ல ஏறி, பழுக்கக் காய்ந்த இஸ்திரிப் பெட்டியை முதுகோடு ஒட்டி யாரோ நகர்த்திக்கொண்டு போவது போல் அது நகர்ந்ததாம். சட்டையில் தீப்பற்றிவிட்டதோ என்று சிலர் நினைத்தார்கள். சிலர் தாயை அழைத்து அழுதார்கள். இந்தச் சங்கதிகளையெல்லாம் ஊர் திரும்பி யாரிடமும் சொல்லவில்லை.

சற்று நேரத்துக்குப் பிறகு எழுந்து திரும்பிப் பார்க்க உத்தரவாயிற்று. கடலுக்கு மேலே இரண்டாவது சூரியன் ஒன்று புரண்டு புரண்டு மேலெழுந்துகொண்டிருந்தது. சமுத்திரத்தின் அடியில் வடவாமுகாக்கினி உறைந்திருக்கிறதென்றும், யுக முடிவில் அது வெளிப்படுமென்றும் புராணம் சொல்கிறது. அதைப் படிக்காத ஸ்காட்லாந்துப் பையனும், ஃபிஜித் தீவுப் பையனும் அதைத்தான் கண்டார்கள் என்று சொல்லலாம். (இந்த இடத்தில் ஓப்பன்ஹைமரையும் கீதை சுலோகத்தையும் நினைவுபடுத்துவது கட்டுரை ஆசிரியர்களின் வழக்கமாகிவிட்டது. கட்டளை பிறப்பித்தவரின் ஞானத்தைவிடக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவனின் முதுகு எனக்கு முக்கியமாகப்படுகிறது.) ஒளி கணத்தில் வந்துவிட்டது, ஒலியோ முப்பது, நாற்பது கிலோமீட்டர் தூரத்தைக் கடந்துவர ஒன்றரை நிமிஷத்துக்கு மேலாயிற்று. வேடிக்கை பார்த்து நின்றவர்களை அது வந்து அறைந்தபோது, தயாராயிராதவர்கள் கீழே விழுந்தார்கள், தென்னைகள் வளைந்தன, கூடாரங்கள் சரிந்தன.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் போவதற்கில்லை. கிறிஸ்துமஸ் தீவு கடற்பறவைகளின் ராஜ்யம். லட்சக்கணக்கில் அங்கே கூடு கட்டும். அவற்றிற்குக் கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்ல ஒலிபெருக்கி இல்லை. கண்ணவிந்து, சிறகு கருகி, பறக்கத் தெரியாமல் மணலில் சுற்றிச் சுற்றி வந்த பறவைகளைத் தடியால் அடித்துக் கொல்லும்படி சிப்பாய்களை அனுப்பினார்கள். குண்டைப் பற்றிப் பேசும்போது குரல் தடுமாறாத முதியவர்கள்கூட இதைச் சொல்லும்போது நிறுத்திக்கொள்வதுண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். குண்டைப் பற்றிய எல்லாவற்றையும் அளந்தார்கள். மேகத்தின் உயரம், நெருப்புக் கோளத்தின் விட்டம், காற்றழுத்தம், வெப்பம் யாவற்றுக்கும் கருவிகள் இருந்தன. கான்பெர்ரா விமானங்கள் அந்தக் காளான் மேகத்துக்குள்ளேயே புகுந்து, வடிகட்டிக் காகிதத்தில் அதன் துகள்களைச் சேகரித்துக்கொண்டு வந்தன. திரும்பிய விமானங்களைக் கழுவுவதற்கும் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆனால், மனித உடம்பு வாங்கிக்கொண்ட கதிர்வீச்சை அளக்கும் பிலிம் பில்லை, வந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படவேயில்லை. குண்டு ஆகாயத்தில் உயரே வெடிக்கிறது. நெருப்புக் கோளம் நிலத்தையோ நீரையோ தொடாதபடியால் கதிரியக்கத் தூசி அப்படியே மேலே போய்விடுகிறது. கீழே இருப்பவனுக்கு அபாயமில்லை. அபாயமில்லாதவனுக்குப் பில்லை எதற்கு என்பது அதிகாரிகளின் தர்க்கம். விஞ்ஞான ரீதியில் இத்தர்க்கத்தின் முற்பகுதியில் உண்மை உண்டு. நிலத்தைத் தொட்ட குண்டு கிளப்பும் விஷத்தூசியை, உயரே வெடிக்கும் குண்டு கிளப்புவதில்லை. ஆயினும், ஏப்ரல் 28-ஆம் தேதி வெடிப்புக்குப் பின் மழை பெய்தது, நாங்கள் நனைந்தோம் என்று சாதிக்கிறார்கள் பழைய சிப்பாய்கள். மேகத்தின் துகள் மழையோடு இறங்கியதா இல்லையா என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை. தீர்த்திருக்கக்கூடிய சாட்சி அந்தப் பில்லைதான்.

பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் அங்கே இருக்கவில்லை. நியூஸிலாந்துக் கப்பற்படையின் 'புகாகி', 'ரோட்டோயிட்டி' என்ற இரு கப்பல்களில் சுமார் 550 பேர் வந்து வானிலையைக் கவனித்தார்கள். ஃபிஜியிலிருந்து ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். அவர்களுக்கு அதிகாரியாக இருந்த ராட்டு பெனயா கனிலாவ் பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியாகி, 1993-இல் ரத்தப் புற்றுநோயால் வாஷிங்டனில் காலமானார். தீவின் சுதேசிக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, கீழ்த்தளத்தில் அடைத்து, குழந்தைகளுக்கு உகந்த சினிமாப் படங்களைக் காட்டினார்களாம். வெளியே உலகம் வெளுத்த அந்தக் கணத்தில், உள்ளே திரையில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது.

1958 செப்டம்பர் 23-இல் அங்கே கடைசி பிரிட்டிஷ் குண்டு வெடித்தது. தீவுக்கு மட்டும் விமோசனம் பிறக்கவில்லை. 1962-இல் அமெரிக்கா அதை இரவல் வாங்கி, ஏப்ரல் முதல் ஜூலைக்குள் 24 குண்டுகளை அங்கே வெடித்தது. அந்த வருஷம் செப்டம்பர் மாதம், 83 வயதில், சோதனைகளை நிறுத்தும்படி கென்னடியிடம் நேரில் சொல்வதற்காக ராஜாஜி வாஷிங்டன் போய்ச் சேர்ந்தபோது, அந்தத் தீவின் பறவைகள் மறுபடியும் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஆகாயத்தில் வெடிப்பதை மூன்று வல்லரசுகளும் கைவிட்டன.

சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். ராணுவ ரகசியச் சட்டம் வாயைக் கட்டியிருந்தது. மனைவிக்கும் சொல்லக் கூடாது. சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்? வருஷங்கள் கழிந்தன. ரத்தப் புற்றுநோய், தோல் வியாதி, கண்புரை என்று ஒவ்வொருவராய்ப் படுத்தார்கள். மனைவிகளுக்குக் கரு தங்கவில்லை என்றும், குழந்தைகள் குறையோடு பிறந்தன என்றும் சில வீடுகளில் அழுகை கேட்டது. அவனவன் தன் விதி என்று நினைத்தான். 1958-இல் ஏப்ரல் வெடிப்பை முதுகில் வாங்கிக்கொண்ட ஸ்காட்லாந்துக்காரர் கென் மெக்கின்லி 1983-இல் ஒரு சங்கத்தை ஆரம்பித்த பிறகுதான், தனித்தனியே இருந்த இந்த விதிகள் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன.

சர்க்கார் புள்ளிவிவரத்தோடு வந்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு வாரியத்தார் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சோதனைக்குச் சென்ற 22,000 பேரையும் செல்லாத அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்டார்கள். மொத்த மரண விகிதத்தில் வேற்றுமை தென்படவில்லை. ரத்தப் புற்றுநோயில் மட்டும் சென்றவர்களில் 22 பேரும், செல்லாதவர்களில் 6 பேரும் இறந்திருந்தார்கள். இந்த வேற்றுமையைக் கண்டு திடுக்கிடுவதற்கு முன், செல்லாதவர்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருப்பதால் அப்படித் தோன்றக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்களே சொல்லிவிட்டார்கள். அவர்கள் யோக்கியமானவர்கள், அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால், அதே 1988-இல் அமெரிக்கா வேறு பாதையில் போயிற்று. சோதனை நடந்த இடத்தில் இருந்ததை ஒருவன் நிரூபித்து, குறிப்பிட்ட 13 வகைப் புற்றுநோய்களில் ஒன்று அவனுக்கு வந்துவிட்டால், குண்டுதான் காரணம் என்று சர்க்காரே அனுமானித்துக்கொள்ளும். வாங்கிய கதிர்வீச்சின் அளவை அவன் காட்ட வேண்டியதில்லை என்று சட்டமியற்றியது. அந்நாட்டு சர்க்கார் தன் சிப்பாய்களை நெவாடா பாலைவனத்தில் நடத்திய விதம் மெச்சத்தக்கதன்று. அதைப் பின்னொரு இதழில் பார்க்கப்போகிறோம். இருந்தாலும், அளக்கும் கருவி யார் கையில் இருந்ததோ அவன்தான் அளவு இல்லாத குறையைச் சுமக்க வேண்டும் என்ற சாதாரண நியாயம் அந்தச் சட்டத்தில் இருந்தது. பிரிட்டனில் அது தோன்றவில்லை.

2007-இல் நியூஸிலாந்து மாஸ்ஸி பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் என்பவர், அந்நாட்டுக் கப்பல்களில் சோதனைக்குப் போன 50 முதியவர்களின் ரத்தத்தை எடுத்து, அணுக்களுக்குள் குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கும் குறைகளை எண்ணினார். சாதாரண மனிதர்களிடம் ஆயிரம் அணுக்களுக்குப் பத்து, இவர்களிடம் இருபத்தொன்பது. ஐம்பது வருஷத்துக்கு முன் கொடுக்காமல் விட்ட பில்லையை உடம்பே ஒரு மூலையில் எழுதிவைத்திருந்தது என்று வழக்கறிஞர்கள் மகிழ்ந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய சிப்பாய்களும் அவர்கள் குடும்பத்தாரும் பாதுகாப்பு இலாகாவின் மேல் தொடுத்த வியாஜ்யம் படிப்படியாக ஏறி, 2012 மார்ச் 14-ஆம் தேதி பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. ஏழு நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். தங்கள் வியாதிக்குக் குண்டே காரணமென்று வாதிகள் எப்போதோ நம்பத் தொடங்கிவிட்டார்கள். நம்பிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பிராது கொடுத்திருக்க வேண்டும். ஆகையால் வழக்குக் காலாவதி என்றது பெரும்பான்மை. சீக்கிரம் வந்திருந்தால், ருசு எங்கே என்று கேட்டிருப்பார்கள். ருசுவைத் தேடிக்கொண்டு வந்தபோது, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார்கள். நீதிபதிகளைக் குறை சொல்ல நான் சட்டம் படித்தவனல்லேன். மூவர் உடன்படவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

2015-இல் ஃபிஜி சர்க்கார், லண்டன் கொடுக்கும் நாளுக்குக் காத்திராமல், அப்போது உயிரோடிருந்த தன் சிப்பாய்கள் 24 பேருக்குத் தன் கஜானாவிலிருந்தே பணம் கொடுத்தது. குண்டைப் போட்டது ஒரு தேசம்; கடனைத் தீர்த்தது அதன் பழைய காலனி.

2022 நவம்பர் 21-ஆம் தேதி, மான்டிபெல்லோ வெடிப்பின் எழுபதாம் ஆண்டை ஒட்டி நடந்த வைபவத்தில், அணுச்சோதனையில் பங்குகொண்டவர்களுக்குப் பதக்கம் அளிக்கப்படும் என்று பிரதம மந்திரி ரிஷி சூனக் அறிவித்தார். பதினெட்டு வயதில் தீவுக்குச் சென்ற பையன் அப்போது எண்பதைத் தாண்டியிருந்தான். பதக்கத்தோடு நஷ்ட ஈடு எதுவும் இல்லை. பதக்கம் வேண்டுவோர் தாமே விண்ணப்பம் எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். இறந்து போனவர்களுக்காக அவர்களுடைய உறவினர் எழுதலாம்.

(தொடரும்)